குளத்தில் சிவப்பாக மிதக்கும் விரால் குஞ்சுகளை அள்ளிவந்து வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

அள்ள வேண்டாம். நானும் அள்ளியவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. வீட்டில் யாருக்கோ அறுவை சிகிச்சை நடந்திருக்கும், விரால் குழம்பு கொடுத்தால் உடம்பு தேறும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், சந்தையில் உயிர் விராலின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பீர்கள். அந்த நேரத்தில் குளத்தோரம் ஆயிரம் குஞ்சுகள் மிதப்பதைக் கண்டால் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஐப்பசி அடைமழை விட்ட ஒரு காலையில் சித்தப்பா என்னை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் சென்றார். கோரைக்கு நடுவே ஒரு முறம் அளவுக்குத் தண்ணீர் சிவந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் பொடிக் குஞ்சுகள். நெல்மணியைவிடச் சற்று நீளமானவை, ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, மொத்தமாக மேலே வருவதும் மொத்தமாக அமிழ்வதுமாக இருந்தன. சித்தப்பா தூண்டில் முள்ளில் ஒரு தவளைக் குட்டியைக் கோத்து அந்தச் சிவப்பின் நடுவில் விழும்படி வீசினார். இரண்டாவது வீச்சில் தண்ணீர் பொங்கிச் சிதறியது. குஞ்சுகளுக்கு நடுவே விழுந்ததை எதிரி என்று எண்ணித் தாக்க வந்த கடி அது. இரண்டு கிலோவுக்குக் குறையாத விரால். அன்றைய குழம்பின் ருசியை நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் அங்கே ஓடினேன். முறம் அளவு இருந்த சிவப்பு கையகலமாகச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் ஜிலேபிக் கெண்டைகள் கொத்திக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

கட்லாவும் ரோகுவும் லட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்; அவற்றில் சில பிழைத்தாலும் இனம் தொடரும். விரால் அப்படிப்பட்ட மீன் அல்ல. ஆணும் பெண்ணுமாகப் பாசிக்கும் கோரைக்கும் நடுவே ஓர் இடத்தை வட்டமாகத் துப்புரவு செய்து, சில ஆயிரம் முட்டைகளை மட்டும் இடுகின்றன. எண்ணெய்ச் சத்து உள்ள அந்த மஞ்சள் முட்டைகள் நீரின்மேல் மிதந்து, ஒன்று ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சுகளுக்குக் கீழேயே இருந்து, நெருங்கும் பாம்பையும் தவளையையும் மற்ற மீன்களையும் விரட்டிக் காவல் காப்பதுதான் அவற்றின் வேலை. காவலுக்கு நிற்கும் மீனைப் பிடித்துவிட்டால் அந்த ஈடு முழுவதும் போனதாகவே கொள்ள வேண்டும்.

நான் அள்ளிய கதைக்கு வருகிறேன். வேலைக்குப் போன பிறகு, குஞ்சுகளைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்போடு, கொசுவலைத் துணியால் முந்நூறு குஞ்சுகளை அள்ளிச் சிமென்ட் தொட்டியில் விட்டேன். தவிடும் பிண்ணாக்கும் போட்டேன். விரால் ஊன் உண்ணும் மீன். அதன் குஞ்சு நீர்ப்பூச்சியையும் புழுவையும் தேடும், தவிட்டைத் திரும்பிப் பார்க்காது. பசி வந்ததும் பெரிய குஞ்சு சிறிய குஞ்சைத் தின்னத் தொடங்கியது. ஒரு காலையில் இரண்டு குஞ்சுகள் சேர்ந்து செத்து மிதந்தன: ஒன்றின் வாயிலிருந்து மற்றதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். ஆறு வாரத்தில் பதினோரு குஞ்சுகள் எஞ்சின. அவை துள்ளி வெளியே விழாமலிருக்கத் தொட்டிமேல் வலை கட்டினேன். ஓர் இரவு மழையில் தொட்டி நிரம்பி, தொய்ந்த வலை நீருக்குள் அமிழ்ந்துவிட்டது. விடிந்து பார்த்தபோது பதினொன்றும் வலைக்கு அடியில் செத்துக் கிடந்தன.

நீரிலேயே மீன் மூச்சு முட்டிச் சாகுமா என்றால், விரால் சாகும். செவுளுக்கு மேலே, தலைக்குள், இரத்த நாளங்கள் நிறைந்த ஓர் அறை அதற்கு உண்டு. வளரும் விரால் அடிக்கடி மேலே வந்து காற்றை வாங்கி அதில் நிரப்பிக்கொள்ள வேண்டும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. அந்த அறையின் தயவில்தான் கோடையில் குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் அது உயிரோடு கிடக்கிறது. ஈரச் சாக்கில் சுற்றிச் சந்தைக்கு உயிரோடு கொண்டுவர முடிவதும், முள் குறைந்த அதன் சதைக்கு அவ்வளவு விலை கிடைப்பதும் அதனால்தான்.

மருத்துவக் குணம் பற்றி நான் அளந்துவிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். நான் மருத்துவன் அல்லன். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் இதே மீனைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. புண் ஆறுவதில் அதன் பங்கை அங்கே ஆராய்ந்தும் இருக்கிறார்கள். செரிக்க எளிதான நல்ல புரதம் என்ற அளவில் நானும் நம்புகிறேன். மருந்துக்குப் பதிலாக அதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

"தாத்தா காலத்திலிருந்து பிடிக்கிறோம், விரால் தீர்ந்தா போய்விட்டது?" என்று சிலர் கேட்பார்கள். தாத்தா காலத்தில் குளத்தை அடிவரை இறைக்க மோட்டார் இல்லை. எங்கள் ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு பங்குனியில் மூன்று நாள் எஞ்சின் ஓட்டி வற்றடித்து, சேற்றைக் கையால் துழாவி, அடுத்த மழைக்கு முட்டையிட வேண்டிய தாய் விரால்களையும் எடுத்துவிட்டார். அதைத் தடுக்கக் கேட்டு நான் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. 2000ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் குளங்களில் புகுந்து, கிடைத்ததையெல்லாம் தின்கிறது. 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை செய்வதை நானே பார்த்தேன்.

வளர்க்கத்தான் வேண்டும் என்றால், குச்சித் தீவனம் தின்னப் பழக்கிய குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்குங்கள். நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தை அணுகினால் வழி கேட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை பெரியதையும் சிறியதையும் பிரித்து விடுங்கள். வலையை நீர்மட்டத்திலிருந்து ஒரு முழமாவது உயர்த்திக் கட்டுங்கள். உங்கள் குளத்தில் உள்ள கூட்டத்தை ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவையுங்கள். குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து, சிவப்பு மறைந்து, பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் தனித்தனியே பிரிந்த பிறகு அங்கே தூண்டில் போடலாம்.