பஸ்தகியா: கேளுங்கள், சொல்கிறேன்

பர் துபாயில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு சாயங்காலம் பக்கத்திலிருக்கும் பழைய வியாபாரிகள் குடியிருப்பான பஸ்தகியாவுக்கு இழுத்துப்போவது என் வழக்கம். 2012இல் அல் ஃபஹிதி என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வாய் பழகவில்லை.

டிக்கெட் எவ்வளவு?
சந்துகளில் நடக்கக் காசு கிடையாது. உள்ளே இருக்கும் சில மியூசியங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

போன வாரம் குடும்பத்தோடு போனோம். மண் நிறச் சுவர்கள், படகுகள், பழைய வீடு மாதிரியே ஒரு ஸ்டார்பக்ஸ். அருமை!
நீங்கள் பார்த்தது பக்கத்தில் இருக்கும் அல் சீஃப். 2017இல் திறந்தது. சுவரில் விரிசல்கூடப் புதிதாகப் போட்டதுதான். பாதிப்பேர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்து, பூச்சு உதிர்ந்திருக்கும் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கல்லில் தேனடை மாதிரி பொடிப்பொடித் துளைகள் தெரிந்தால் அது பவளக்கல். கடலிலிருந்து எடுத்து, ஜிப்சம் குழைத்துக் கட்டியது. அதுதான் பஸ்தகியா.

பெயர்க் காரணம்?
தெற்கு ஈரானில் பஸ்தக் என்று ஓர் ஊர். 1900களின் தொடக்கத்தில் பாரசீக அரசு லிங்கா துறைமுகத்தில் சுங்கத்தை ஏற்றியது. துபாயிலோ ஷேக் வரிச்சலுகை கொடுத்தார். பஸ்தக் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? குடும்பத்தோடு துபாய் நடுவே இருக்கும் கிரீக் என்ற கடற்கழியின் கரைக்கு வந்துவிட்டார்கள். கூரைக்குப் போட்ட சதுப்புநில மரக்கழிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை. கழி எவ்வளவு நீளமோ அறை அவ்வளவுதான் அகலம். அறைகள் ஏன் ரயில்பெட்டி மாதிரி இருக்கின்றன என்று இனிமேல் கேட்காதீர்கள்.

வீடுகளின் மேலே நிற்கும் அந்தக் காற்றுக் கோபுரம் ஏசி மாதிரியா?
கோபுரம் நாலு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே குறுக்குச் சுவர்கள் பெருக்கல் குறி போல ஓடி அதை நாலு குழாயாகப் பிரிக்கும். காற்று அடிக்கும் பக்கம் கீழே இறங்கும், எதிர்ப்பக்கம் அறையின் சூட்டை மேலே இழுக்கும். ஒரு மார்ச் மாத மதியம் கோபுரத்தடியில் நின்று கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு மூலையில் தொங்கியபடி படபடத்தது. எதிர் மூலையில் நுனி மேலே கிளம்பியது.

நான் ஏசி மெக்கானிக். வெளியே 42 டிகிரி என்றால் உள்ளே வருவதும் 42தான். கதை விடாதீர்கள்.
சரிதான், காற்று குளிர்வதில்லை. வியர்வை காய்கிறது, அதனால் உடம்பு குளிர்கிறது. உங்கள் வீட்டுச் சீலிங் ஃபேன் மட்டும் வேறென்ன செய்கிறது?

ஆகஸ்டில் இங்கே இருக்கிற ஈரப்பதத்துக்கு வியர்வை எங்கே காயும்?
காயாதுதான். அதனால்தான் ராத்திரி மொட்டைமாடியில் படுத்தார்கள். ஆகஸ்டை வைத்து மட்டும் கோபுரத்தை எடைபோடாதீர்கள், வருஷத்தில் மற்ற மாதங்களும் இருக்கின்றன. ஓலைக் குடிசைக்காரர்கள்கூடச் சாக்குத்துணியில் கோபுரம் கட்டிக்கொண்டார்கள். பிரயோஜனமில்லாமலா கட்டினார்கள்?

எங்கள் செட்டிநாட்டு முற்றத்துக்கு முன்னால் இதெல்லாம் சும்மா.
இங்கேயும் முற்றம் உண்டு. அடுத்த கேள்வி.

என்ட்ரி டிக்கெட் ஆன்லைனில் கிடைக்குமா?
முதல் பதில்.

அங்கிருந்து டெசர்ட் சஃபாரி போகலாமா?
டிராவல்ஸில் கேளுங்கள்.

எந்த மெட்ரோ?
பச்சை லைனில் ஷரஃப் டிஜி. முன்பு அல் ஃபஹிதி என்றே பெயர், அதனால் பழைய வரைபடம் குழப்பும். கிரீக்கின் எதிர்க்கரையான தேராவிலிருந்து வந்தால் அப்ரா என்ற படகில் ஏறுங்கள், ஒரு திர்ஹம். இறங்கியதும் அல் சீஃப்பில் நின்றுவிடாதீர்கள்!

என் பெரியப்பா 1982இல் பஸ்தகியாவில் தங்கி வேலைபார்த்ததாகச் சொல்வார். பணக்கார வியாபாரிகள் வீட்டில் அவருக்கு என்ன வேலை? நம்பலாமா?
தாராளமாக நம்பலாம். எழுபதுகளில் அந்தக் குடும்பங்கள் புது வில்லாக்களுக்குப் போய்விட்டன. வீடுகள் கோடவுன் ஆயின, தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்தார்கள். எண்பதுகளில் அரசர் அலுவலகம் கட்ட ஏறக்குறைய பாதிக் குடியிருப்பை இடித்தார்கள். மீதியும் போயிருக்கும். அங்கே குடியிருந்த ரேய்னர் ஓட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இடிப்பை எதிர்த்து அப்போதைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸுக்குக் கடிதம் எழுதினார், 1989இல் அவர் வந்து சந்துசந்தாக நடந்து பார்த்தார், இடிப்பு நின்றது. பிறகு செப்பனிட்டார்கள், பல வீடுகளைப் புதிதாகவே எழுப்பினார்கள். இப்போது காலரி, காபி மியூசியம், தங்கும் விடுதி என்று எல்லாம் இருக்கிறது. கொடியில் லுங்கி காயும் வீடுதான் கிடையாது.

பெரியப்பாவிடம் அந்தக்காலப் படம் ஒன்றாவது இருக்குமா? எந்தச் சந்து என்று கேட்டுச் சொல்லுங்கள். போய் நின்று பார்க்கிறேன்.