எனக்குக் குடிப்பழக்கமே இல்ல, குடி பத்தின இங்கிலீஷ் ஸ்லாங் எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கணுமா?

கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாம தாண்டிப் போக முடியல. "வேலைக்கு இங்கிலாந்து போறேன், நான் குடிக்க மாட்டேன், பப் பக்கமும் போக மாட்டேன், இந்த டிப்ஸி, ஹேமர்ட், பிளாஸ்டர்ட் எல்லாம் எனக்கு எதுக்கு"ன்னு கேட்டிருக்கீங்க. என்ன வேலைன்னு சொல்லல. நர்ஸிங்காத்தான் இருக்கும்னு நினைச்சு எழுதறேன், வேற வேலையா இருந்தாலும் பாதிக்குப் பாதி பொருந்தும்.

கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். குடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் பழக்கத்துல தானா வந்துரும், குடிக்காத நமக்கு யாரும் உக்காந்து சொல்லித் தர மாட்டாங்க, அதனால நமக்குத்தான் இன்னும் அவசியம்.

முதல்லயே சொல்லிடறேன், நானும் குடிக்கிறதில்ல. இதை எழுத வேண்டி இருக்கறதே கஷ்டமா இருக்கு, ஆனா முன்னாடி ஒரு தடவை இதைப் பத்தி எழுதினப்போ "குடியை சகஜமாக்குறீங்க"ன்னும் "ஒரு பொண்ணு எழுதற விஷயமா இது"ன்னும் ஆளாளுக்கு வந்துட்டாங்க. கேன்சரைப் பத்தி தெரிஞ்ச டாக்டர் கேன்சரைப் பரப்புறாருன்னு யாராவது சொல்வாங்களா? இதுவும் அப்படித்தான்.

நான் வேலை பார்க்கறது வட இங்கிலாந்துல, எமர்ஜென்சி வார்டுல. நடந்ததைச் சொல்றேன், ஆளை அடையாளம் தெரியற மாதிரி எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, வீட்ல கால் இடறி விழுந்து மணிக்கட்டுல அடிபட்டு நடுத்தர வயசு ஆள் ஒருத்தர் வந்தார். புதுசா சேர்ந்த நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி விவரம் எடுத்துட்டு இருந்தா. குடிப்பீங்களான்னு கேட்டதுக்கு அவர் "ஐ ஹாவ் பீன் ஆன் த வேகன் சின்ஸ் சண்டே, லவ்"ன்னு சொல்லியிருக்கார். அவளுக்கு வேகன்னா வண்டி. வண்டியில எங்கயோ போயிட்டு வந்திருக்கார்னு நினைச்சு, திரும்ப "ஸோ நோ ஆல்கஹால்?"னு கேட்டா, அவரும் "நோ, நாட் எ ட்ராப்"ன்னார். ஃபார்ம்ல ஆல்கஹால் இல்லைன்னு டிக் ஆயிடுச்சு.

என்கிட்ட வந்து, "அக்கா, அவருக்குக் கை ரொம்ப நடுங்குது, வலியினாலயா இருக்குமோ, வேகன்னு என்னமோ சொன்னார்"ன்னா. எனக்கு அந்த ஒரு வார்த்தையிலயே திக்குன்னு ஆச்சு. ஆன் த வேகன்னா குடியை விட்டாச்சுன்னு அர்த்தம். அமெரிக்காவுல அந்தக் காலத்துல புழுதி அடங்க ரோட்டுல தண்ணி தெளிக்கற வண்டி இருந்துச்சு, குடியை விட்டவங்க அந்த வாட்டர் வேகன்ல ஏறிட்டதா சொல்லப் போய் வந்த வழக்கு. மறுபடி குடிக்க ஆரம்பிச்சா ஃபெல் ஆஃப் த வேகன். ஞாயித்துக்கிழமை விட்டிருக்கார், இது செவ்வாய் ராத்திரி. தினமும் நிறைய குடிச்சவங்க பட்டுன்னு நிறுத்தினா முதல் ஒரு நாளுக்குள்ளயே நடுக்கமும் வேர்வையும் வரும், 48 மணி நேரத்துக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல டெலிரியம் ட்ரெமென்ஸ், அதாவது புத்தி குழம்பி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியற நிலை வரைக்கும் போகலாம், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து.

போய்ப் பார்த்தா அடிபடாத கையில பேப்பர் கப்பைப் பிடிச்சிருக்கார், தண்ணி விளிம்பு தாண்டித் தாண்டி போர்வை மேல சிந்துது, நெத்தியெல்லாம் வேர்வை, பல்ஸ் 110க்கு மேல. நான் பக்கத்துல உக்காந்து, "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒரு சாதாரண நாள்ல என்ன குடிப்பீங்க"ன்னு மட்டும் கேட்டேன். தினம் ஒரு பாட்டில் வோட்கான்னார். இங்க வோட்கா பாட்டில் பொதுவா 700 மில்லி, 37.5 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 26 யூனிட். ஒரு யூனிட்டுங்கறது 10 மில்லி சுத்த ஆல்கஹால். வாரத்துக்கே 14 யூனிட்டுக்கு மேல வேண்டாம்னுதான் இந்த நாட்டு அறிவுரை. உடனே டாக்டர்கிட்ட சொன்னோம், குடியை நிறுத்தினதால வர்ற பாதிப்பு எவ்வளவுன்னு பார்க்கற வித்ட்ராயல் ஸ்கோர் போட்டாங்க, அந்த நடுக்கத்தை அடக்கற குளோர்டயஸிபாக்ஸைடு மருந்தும் வைட்டமின் பி1 டிரிப்பும் ஆரம்பிச்சு வார்டுல சேர்த்தாங்க. நல்லபடியா வீட்டுக்குப் போனார்.

அந்தப் பொண்ணைக் குறை சொல்லாதீங்க. மருத்துவத் துறைல வேலை பார்க்கறவங்களுக்கான ஓஇடி (OET) இங்கிலீஷ் எக்ஸாம்ல நல்ல ஸ்கோர் எடுத்து வந்தவ, அவ படிச்ச கோச்சிங் சென்டர்ல லெட்டர் எழுதறதை மாசக்கணக்குல சொல்லிக் கொடுத்திருக்காங்க, பேஷண்ட் எப்படிப் பேசுவார்னு ஒரு கிளாஸ் கூட எடுக்கல.

இதே மாதிரி ஆளைக் கவுக்கற வார்த்தை இன்னும் இருக்கு. "ஹி வாஸ் பாராலிட்டிக் லாஸ்ட் நைட்"னு பொண்டாட்டி சொன்னா பக்கவாதம் இல்ல, நிக்கக்கூட முடியாத அளவுக்கு போதைன்னு அர்த்தம், ஆனா நீங்களா முடிவு பண்ணாம கை கால் அசைவைப் பார்த்துடுங்க, ஏன்னா நிஜமாவே ஸ்ட்ரோக்காவும் இருக்கலாம். பிளாக்அவுட்னா மயக்கம் போட்டு விழுந்ததாவும் இருக்கலாம், முழிச்சு நடமாடிட்டு இருந்தும் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லாததாவும் இருக்கலாம், குடிக்கிறவங்க பெரும்பாலும் ரெண்டாவதைத்தான் சொல்வாங்க, ட்ரீட்மெண்ட் ரெண்டுக்கும் வேற வேற. பெண்டர்னா நாள் கணக்குல விடாம குடிச்சது. ஹேர் ஆஃப் த டாக்னா முந்தின நாள் ஹேங்ஓவர் தெளியறதுக்கு காலைல மறுபடி ஊத்திக்கறது, சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க, தினமும் அப்படியான்னு நீங்க கேட்டே ஆகணும். "ஜஸ்ட் எ கப்புள் ஆஃப் பைண்ட்ஸ்"னா ரெண்டுன்னு எழுதிடாதீங்க. ஒரு பைண்ட் 568 மில்லி, 4 சதவீத பீர்னாலே 2.3 யூனிட் வந்துரும், அதனால எத்தனை, என்ன பீர், வாரத்துல எத்தனை நாள்னு தனித்தனியா கேளுங்க.

ஹேமர்ட், பிளாஸ்டர்ட், ஸ்மாஷ்ட், லெக்லெஸ், ஸ்லாஷ்ட் (sloshed) எல்லாம் நல்ல போதை, டிப்ஸியும் மெர்ரியும் லேசான போதை, அவ்ளோதான், பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணாதீங்க, முடியவே முடியாது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1737லயே தன்னோட பத்திரிகைல போதைக்கு மட்டும் 200க்கு மேல வார்த்தை அடுக்கியிருக்கார். பிஸ்ட் (pissed) மட்டும் தனியா ஞாபகம் வச்சுக்கோங்க, பிரிட்டிஷ்காரர் சொன்னா போதை, அமெரிக்கர் சொன்னா கோபம். கேட்டா புரிஞ்சா போதும், நீங்க வாயில எடுக்க வேண்டாம், வேலை இடத்துல பெரியவங்க முன்னாடி சொல்ற வார்த்தை இல்ல அது.

உங்களைக் கேட்டா "ஐ டோண்ட் ட்ரிங்க்" போதும், காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. டீடோட்டல்னும் சொல்லலாம், அந்த வார்த்தை இந்த அர்த்தத்துல வந்ததே வட இங்கிலாந்துல பிரெஸ்டன்ல, மதுவிலக்கு சங்கத்துல இருந்த ரிச்சர்ட் டர்னர்ங்கற தொழிலாளி 1833ல பேசினதுல இருந்துதான். குடிக்காதவங்களுக்கும் இங்க பெரிய வரலாறு இருக்கு, கூச்சப்படவே வேண்டாம்.

ஆனா "இட்ஸ் யுவர் ரவுண்ட்"னு சொல்வாங்களே, அதுல ஜாக்கிரதை. கூட வந்த எல்லாருக்கும் உங்க காசுல வாங்கணும்னு அர்த்தம். முதல் உலகப்போர் சமயத்துல, 1915ல, அடுத்தவங்களுக்கு சரக்கு வாங்கித் தரக்கூடாதுன்னு லண்டன்ல தடையே போட்டாங்க, அந்த அளவுக்கு ஊறின பழக்கம். எனக்கு இதுல ரொம்ப நாள் ஆதங்கம் இருக்கு, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்றேன். டீம் டின்னர் போனா நான் குடிக்கறது ஒரு ஆரஞ்சு ஜூஸ், பக்கத்துல இருக்கறவங்க வைனும் காக்டெயிலுமா ஆர்டர் பண்ணுவாங்க, கடைசியில பில்லை சமமாப் பிரிச்சிடலாம்னு ஒருத்தர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவாங்க, காசு பெருசில்ல, ஆனா அங்க ஒருத்தி குடிக்கலைங்கறது யார் கண்ணுக்குமே படலையேன்னு மனசு ஆறல. நான் இப்போ ஆர்டர் கொடுக்கும்போதே "செப்பரேட் பில் ப்ளீஸ்"னு சொல்லிடறேன். யாரும் தப்பா எடுத்துக்கல. நீங்களும் முதல் நாளே சொல்லிப் பழகிடுங்க.

நர்ஸிங்தான்னா கடைசியா இன்னொண்ணு. பேஷண்ட் சொன்ன ஸ்லாங்கை நீங்களே மாத்தி எழுதாதீங்க, அவர் சொன்ன வார்த்தையை மேற்கோள் குறிக்குள்ள அப்படியே போட்டு, கடைசியா எப்போ குடிச்சார், என்ன, எவ்வளவுங்கறதை அதுக்குப் பக்கத்துலயே எழுதுங்க. கடைசியா குடிச்ச நேரத்தை மட்டும் எந்த அவசரத்துலயும் விட்டுடாதீங்க, டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான்.