சென்னை மாநகராட்சியில் மேயர் பெரியவரா, ஆணையர் பெரியவரா?

நிர்வாக அதிகாரம் என்று பார்த்தால் ஆணையர்தான். அவர் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஊழியர்களும் அன்றாட நிர்வாகமும் அவர் கையில். மேயர் மாமன்றத்துக்குத் தலைவர். 200 வார்டு கவுன்சிலர்கள் கூடி வரவு செலவுத் திட்டத்துக்கும் முக்கியத் தீர்மானங்களுக்கும் ஒப்புதல் தருவார்கள்.

மேயர் பதவி இங்கே பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் தொடங்கிய மாநகராட்சி இது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். பிறகு அந்தப் பதவி மறைந்து, 1933-இல்தான் திரும்பியது. ராஜா முத்தையா செட்டியார் மேயரானார்.

ஆனால் என்னை உறுத்துவது இதுதான்: 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டு 1996 வரை தேர்தலே இல்லை. இருபத்து மூன்று வருடம்! தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூடக் கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. 1996-இல் மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்புறம் 2016-லிருந்து 2022 வரை மறுபடியும் அதே வெற்றிடம். 2022-இல் மேயரானவர் ஆர். பிரியா, இந்த முறை கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2011-இல் நகர எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மண்டலங்கள் 15 ஆயின. குப்பை, தெருவிளக்கு, உள்சாலை பற்றிய புகார் என்றால் உங்கள் மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். குடிநீரும் கழிவுநீரும் மட்டும் மாநகராட்சியிடம் இல்லை, அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு.