வில்ஹெல்மீன் ஷ்ரோடர்-டெவ்ரியன்ட்: குரலை மீறிய கலை

'19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓபராவில் உங்களை மிகவும் கவர்ந்த பாடகர் யார், ஏன்?' என்ற கேள்விக்குத் தயக்கமின்றி நான் சொல்லும் பெயர் வில்ஹெல்மீன் ஷ்ரோடர்-டெவ்ரியன்ட். இத்தனைக்கும் அவருடையது குறையற்ற குரல் அன்று. பயிற்சியிலும் நுட்பத்திலும் அவரை விஞ்சிய பாடகியர் அக்காலத்தில் பலர் இருந்தனர்.

1804இல் ஹாம்பர்க்கில் பிறந்தார். தாய் சோஃபி ஷ்ரோடர் ஜெர்மானிய மேடையின் பெரும் சோக நாடக நடிகை, தந்தை பாடகர். பாட்டுக்கு முன்பே நடனத்தையும் நடிப்பையும் கற்றுவிட்டவர் என்பதை மனத்தில் கொண்டால்தான் பின்னர் நடந்தது விளங்கும். 1821இல் வியன்னாவில் மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் பாமினாவாக அறிமுகமானவர், அடுத்த ஆண்டே, 17 வயதில், பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வில் லியனோராவாக நின்றார். செவிப்புலனை இழந்திருந்த பீத்தோவன், மேலங்கியால் முகத்தை மூடி, கண்கள் மட்டும் தெரிய, இசைக்குழுவினரிடையே அமர்ந்திருந்ததை வில்ஹெல்மீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சிறைப்பட்ட கணவனைக் காக்க ஆண் வேடமிட்டு வந்த லியனோரா, அவனைக் கொல்ல வருபவன்மீது துப்பாக்கியை நீட்டி, 'மீறினால் நீ செத்தாய்' என்று மிரட்டும் கட்டம் ஒன்று உண்டு. அவ்வரியின் கடைசிச் சொல்லை அவர் பாடாமல் பேச்சாகவே உதிர்த்தார் என்றும், இசையின் உயரத்திலிருந்து நிஜத்தின் தரையில் திடீரென விழுந்ததுபோன்ற நடுக்கத்தை அது தந்தது என்றும் ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் எழுதியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை அவருடைய கலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அழகாகப் பாடுவதைவிட உண்மையாக நிற்பது பெரிது என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

1823 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டிரெஸ்டன் அரசவை அரங்கே அவருடைய களம். இடையில் பாரிசிலும் லண்டனிலும் பாடிப் புகழ்பெற்றார். நடிகர் கார்ல் டெவ்ரியன்டுடனான திருமணம் சில ஆண்டுகளிலேயே மணமுறிவில் முடிந்தது. இசையமைப்பாளர் ஷூமன் தம் 'கவிஞனின் காதல்' பாடல் தொகுப்பை வில்ஹெல்மீனுக்கே காணிக்கையாக்கினார். வாக்னரோ 'ரியென்ட்சி'யில் அட்ரியானோ (1842), 'பறக்கும் டச்சுக்காரன்' ஓபராவில் சென்டா (1843), 'டான்ஹாய்சர்' ஓபராவில் வீனஸ் (1845) என்று தம் மூன்று ஓபராக்களின் முதல் அரங்கேற்றங்களிலும் அவரையே பாட வைத்தார். அப்போது அவருடைய குரல் தளரத் தொடங்கியிருந்தது என்பதை எண்ணும்போது, அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

1849இல் டிரெஸ்டன் மக்கள் எழுச்சியை வெளிப்படையாக ஆதரித்ததால் அரசின் நடவடிக்கைக்கு ஆளானார். 1860இல் கோபர்க்கில் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நடிகர்களையும் பாடகர்களையும் பற்றித் தாம் எழுதிய கட்டுரையை வாக்னர் அவருடைய நினைவுக்கே உரித்தாக்கினார்.