இலை மேலே சுருண்டதா, கீழே சுருண்டதா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் குண்டு மிளகாய் போட்டிருக்கிறேன். தை பிறந்ததிலிருந்து கொழுந்து சுருளுகிறது. ரசாயனம் அடிக்க மனமில்லை. கடையில் ‘ஆர்கானிக்’ என்று ஒரு பாட்டில் தருகிறார்கள். பேன், சிலந்தி, வைரஸ் எல்லாம் போய்விடுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: பதிவு எண் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை, வேப்பிலைப் படம் மட்டும் பெரிதாக இருக்கும். அடித்த மறுநாளே பூச்சி செத்து விழுந்தால் ரசாயனம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்; வேம்பு அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. புகார் கொடுக்கலாம். மாதிரி எடுத்து முடிவு வருவதற்குள் நீங்கள் வத்தலை மூட்டை கட்டியிருப்பீர்கள்.

சரி, வயலுக்குப் போங்கள். ஒரு கொழுந்தை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள். நூல் துணுக்கு மாதிரி மஞ்சளாக ஊர்ந்தால் அது இலைப்பேன், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. இலையும் படகு போல மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். இதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். போன ஆனி, ஆடியில் பொறுக்கிய கொட்டைதான் இப்போது சரியான பதம். வருஷம் கடந்தது வீண். கொட்டையின் உள்பருப்பு 5 கிலோவை இடித்துத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் துணியில் கட்டி, பால் நிறம் போகும்வரை பிழிந்து, 100 லிட்டராக்குங்கள். 200 கிராம் சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். பத்து நாளில் மறுபடி.

ஆனால் இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு எலிவால் மாதிரி நீண்டிருந்தால் அது சிலந்தி; வலை கட்டும் சிலந்தி இல்லை, சாறு உறிஞ்சும் நுண்சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். அதற்குத் தண்ணீரில் கலந்து அடிக்கும் நனையும் கந்தகத்தூள்தான், பாக்கெட்டில் உள்ள அளவுப்படி. இயற்கை விவசாயத்திலும் இதற்கு அனுமதி உண்டு. இங்கேதான் கவனம்: வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். கந்தகமும் எண்ணெயும் சேர்ந்தால் இலை கருகிவிடும். ஒரே டேங்கில் கலக்கவே கூடாது. உச்சி வெயிலில் கந்தகம் தனியாக அடித்தாலும் கருகும். கருகியதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று இன்னொரு பாட்டில் விற்பார்கள், அதையும் வாங்காதீர்கள்.

வெளிறிக் குட்டையாக நிற்கும் செடியைப் பிடுங்கிவிடுங்கள், வைரஸுக்கு மருந்தில்லை. பேனுக்கு நீல ஒட்டுப்பொறி கட்டலாம். மானியத்தில் வரட்டும் என்று காத்திருந்தால் அறுவடை முடிந்துவிடும், கைக்காசிலேயே வாங்குங்கள். அடுத்த பட்டத்தில் பூச்சிக்குத் தடுப்பாக ஓரத்தில் இரண்டு வரிசை சோளம் விதையுங்கள். அப்புறம், மிளகாய்க்குள் ஊடுபயிராக வெங்காயம் மட்டும் வேண்டாம், அதிலும் பேன் வரும்.