பள்ளத்தில் அடித்த ஆணி

அன்புள்ள சார்,

மேசைமேல் சிறு பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் மேசைப்போர் விளையாட்டுக்காக, 28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு ஏற்ற அளவில் ஒரு வேற்றுக்கிரகத் தகரக் குடியிருப்பு செய்துகொண்டிருக்கிறேன். ஒன்பது கொட்டகைகள் முடிந்துவிட்டன, படங்களை இணைத்திருக்கிறேன். விளையாட வந்த நண்பர் ‘குப்பைமேடு மாதிரி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார். துருதான் சரியாக வரவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு என்னென்ன நிறம் வாங்கலாம்? த்ரீடி பிரின்டர் வாங்கினால் வேலை சுலபமாகுமா? ஹாங்காங்கில் இருந்த கௌலூன் கோட்டை நகரம் போல அடுக்கடுக்காகக் கட்டவும் ஆசை. ஏழாவது கூரையின் தெர்மோகோல் சூப்பர் குளூ பட்டு உருகிவிட்டது, அட்டை ஒட்டி மறைத்திருக்கிறேன். மன்னிக்கவும்.

ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

மன்னிப்பு எதற்கு? தெர்மோகோல் மேல் சூப்பர் குளூ பட்டால் கரையத்தான் செய்யும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைத் தின்னும். வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். அதே பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் கலந்து இரண்டு கை பூசிக் காயவிட்டு, அப்புறம் ஸ்ப்ரே அடியுங்கள். ஒரு கூரையைப் பலிகொடுக்காமல் இதைக் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை. பிரின்டர் உங்கள் பணம், உங்கள் இஷ்டம்.

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் ஒரு கூரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்து, உள்ளே இருக்கும் அலைத்தாளை அலைத்தகரமாக்கியிருக்கிறீர்கள். கிழியாமல் வந்திருக்கிறது, நல்ல கை. ஆனால் கனத்த பெட்டியை எடுத்துவிட்டீர்கள். அதில் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் பொம்மை நிஜ மனிதனில் ஏறக்குறைய 56-ல் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள், ஓர் அலை 40 சென்டிமீட்டர்! மெல்லிய பெட்டிகளில் 3 மில்லிமீட்டர் சுமாருக்குக் கிடைக்கும். அதுவும் பெரிதுதான், ஆனால் கண் ஒத்துக்கொள்ளும்.

சரி, இது சில்லறைக் குற்றம். இந்த ஒன்பது கூரைகளிலும் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? மூன்றில் மேல் தகடு கீழ்த் தகட்டுக்கு அடியில் நுழைந்திருக்கிறது. ஒன்றில் அலைகள் சரிவுக்குக் குறுக்கே ஓடுகின்றன. ஆறாவது படத்தில் ஊசியால் குத்திக் குத்தி ஆணித்தலைகளை வரிசை பிடித்திருக்கிறீர்கள், அத்தனையும் அலையின் பள்ளத்தில். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது.

எனக்குப் பத்து வயதிருக்கும். தகரக் கூரை வீட்டில் இருந்தோம். காற்றில் ஒரு தகடு பெயர்ந்துவிட, அப்பா மேலே ஏறி மாற்றிக்கொண்டிருந்தார். நானும் அடிக்கிறேன் என்று கெஞ்சி இரண்டு ஆணி வாங்கிக்கொண்டேன். அவர் மேட்டில்தான் அடித்துக்கொண்டு வந்தார். எனக்கு மேட்டில் ஆணி வழுக்கியது, பள்ளத்தில் வாகாக உட்கார்ந்தது. அடித்துவிட்டேன். தண்ணீர் ஓடுவதே பள்ளத்தில்தான் என்பது மழை வந்த இரவு தெரிந்தது, என் நெற்றியில் சொட்டியபோது. அப்பா திட்டவில்லை. தார் வைத்து அடைத்தார். வெயிலில் தார் வெடித்தது. மேலே பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றைப் போட்டார், அது பறக்காமலிருக்க ஒரு கல். கடைசியில் என் படுக்கையை நகர்த்திப் போட்டார். அந்தக் கூரையில் முதலில் துரு பிடித்தது அந்த ஓட்டையைச் சுற்றித்தான். அங்கிருந்து பள்ளத்தின் வழியே கீழே ஒரு காவிக் கோடு இறங்கியது.

இப்போது உங்கள் கூரைகளுக்கு வாருங்கள். எல்லாவற்றிலும் டயர் இருக்கிறது, எல்லோரும் வைக்கிறார்கள் என்பதால். எந்தத் தகடு பறந்துவிடும் என்று பயந்து அங்கே வைத்தீர்கள்? துருவோ கூரை முழுக்கத் தேமல் மாதிரி ஒரே சீராகப் படர்ந்திருக்கிறது. உங்கள் நண்பரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். குப்பைமேட்டில் தகடு எப்படி வேண்டுமானாலும் விழுந்து கிடக்கும். வீட்டில் அதை யாரோ ஏறி வைத்திருப்பார்கள்.

வேற்றுக்கிரகத்தில் மழை ஏது என்பீர்கள். மழையே இல்லாத இடத்தில் இவ்வளவு துரு எப்படி வந்தது? சரி, விண்கலத்தை உடைத்து எடுத்த தகடுகள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே கலத்தின் தகடு நாலு வீட்டிலாவது தென்பட வேண்டாமா? ஹென்றி ராபின்சன் பாமர் 1829-ல் லண்டனில் அலைத்தகரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய தகட்டை அலையாக்கினால் அலை ஓடும் திசையில் எளிதில் வளையாது, அடியில் கட்டை குறைவாகப் போதும். இல்லாதவன் எந்தக் கிரகத்திலும் அப்படி ஒரு தகட்டைத்தான் தேடிப் பிடிப்பான். பிடித்ததைக் குறுக்கே போட மாட்டான்.

கௌலூன் ஆசையை விட்டுவிடுங்கள். அது தகரமில்லை, கான்கிரீட். 2.6 ஹெக்டேரில், 1987 கணக்கெடுப்பில் சுமார் 33,000 பேர். பக்கத்தில் காய் டாக் விமான நிலையம் இருந்ததால் உயரம் 14 மாடியோடு நின்றது. 1993-94-ல் இடித்துவிட்டார்கள். அப்படி அடுக்கினால் கீழ்ச் சந்தில் மாட்டிய பொம்மையை எடுக்க உங்கள் விரலே நுழையாது. அங்கேயும் தலைக்கு மேலே போன குழாய்கள் ஒழுகி, சந்துகளில் குடை பிடித்து நடந்தார்களாம். மறுபடி தண்ணீர்!

துருவுக்கு நிறம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கரும்பழுப்பு ஒன்று, ஆரஞ்சு ஒன்று போதும். கிழித்த ஸ்பாஞ்சால் கரும்பழுப்பைத் தகட்டின் ஓரத்திலும் ஆணியைச் சுற்றியும் ஒற்றுங்கள். அதன் நடுவில் இன்னும் சின்னதாக ஆரஞ்சு. அப்புறம் நீர்க்கக் கரைத்து, சரிவை ஒட்டிக் கீழ்நோக்கி ஒரு கோடு.

ஏழாவது கூரையை மட்டும் தொடாதீர்கள். குளூ தின்ற ஓட்டையின் மேல் அந்த அட்டை கோணலாக, அவசரமாக, மேல் ஓரம் சரியாகச் செருகி உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதில் அங்கே மட்டும்தான் ஆள் இருக்கிறார்கள். அது பறக்காமலிருக்க ஒரு கல் வையுங்கள்.