பாரில் பாடியவரின் பதினோரு தடங்கள்

கேள்வி: நீனா சிமோனின் முதல் ஆல்பம் ‘லிட்டில் கேர்ள் ப்ளூ’வை ஓயாமல் புகழ்கிறீர்கள். அதில் இருப்பவை ஊரறிந்த பழைய பாட்டுகள்தானே? ஒரு கேபரே பாடகி அடுத்தவர் பாட்டைப் பாடியதில் என்ன பெரிய சாதனை?
– வாசகர், திருச்சி

பதில்: கேபரே என்றதும் நம் சினிமா காட்டிய ஆட்டம் உங்கள் கண்முன் வந்திருக்கும். அமெரிக்காவில் அது சின்னக் கூடத்தில், சாப்பிட்டுக் குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே பாடுகிற தொழில். நீனா அதையும் விரும்பி ஏற்கவில்லை. யூனிஸ் வேமன் என்ற இயற்பெயர் கொண்ட அவருக்கு 1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரி இடம் தரவில்லை. 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பாரில் வாரம் 90 டாலருக்குப் பியானோ வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. பாடினார், அம்மாவுக்குத் தெரியாமலிருக்கப் பெயரையும் மாற்றிக்கொண்டார்.

பாட்டுகள் பழசு என்பது சரி. மொத்தம் 11 தடங்கள், அவற்றில் மூன்று குரல் இல்லாத வெறும் வாசிப்பு. அந்த மூன்றில் ‘சென்ட்ரல் பார்க் ப்ளூஸ்’ மட்டும் அவருடைய சொந்த ஆக்கம். ஆனால் தலைப்புப் பாட்டை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். இசையமைப்பாளர் ரோட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹார்ட்டும் 1935இல் எழுதியது. நீனா அதைத் தொடங்குவதில்லை. ‘குட் கிங் வென்செஸ்லாஸ்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பியானோவில் தொடங்குகிறார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குரல் வேறு மெட்டில் உள்ளே வருகிறது. இரண்டு மெட்டை ஒன்றாக ஓட்டினால் வழக்கமாக நடப்பது, ஒன்று மற்றதை விழுங்குவது. இங்கே பியானோ சின்னச் சின்ன அடியாக நடக்க, குரல் நீண்ட சுரங்களில் நிற்கிறது. அதனால் சொல் ஒன்றுகூட மூழ்கவில்லை. ஊரே கூடிப் பாடும் பண்டிகைப் பாட்டின் மேல், விரல்களை எண்ணியபடி தனியே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிய வரிகள். பாட்டை எழுதியவர்கள் வைக்காத தனிமை அது.

‘லவ் மீ ஆர் லீவ் மீ’ 1928 மேடை நாடகப் பாட்டு. நடுவில் பியானோ தனி வரும் இடத்தில் ஐரோப்பியச் செவ்வியல் இசைமேதை பாக் எட்டிப் பார்க்கிறார். வலக்கை ஒரு வரி சொல்ல, இடக்கை வேறொரு வரியால் பதில் சொல்கிறது. ஜிம்மி பாண்டின் பாஸும் ஆல்பர்ட் ஹீத்தின் டிரம்ஸும் இதைக் கண்டுகொள்ளாமல் ஜாஸின் துள்ளலான ஸ்விங் நடையிலேயே போகின்றன. அவர்களும் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அது வெறும் வித்தை காட்டலாகியிருக்கும்.

‘ஐ லவ்ஸ் யூ, போர்கி’, ‘போர்கி அண்ட் பெஸ்’ என்ற ஓபராவின் பாட்டு. அதன் தலைப்பிலுள்ள கொச்சையான ‘லவ்ஸ்’, அவர் வாயில் ‘லவ்’ ஆகிறது. ஒரே ஒரு ‘ஸ்’ போனதும் ஓபராவின் கறுப்பினப் பாத்திரம் போய், ஒரு பெண் நேராக நம்மிடம் பேசுகிறாள். 1959இல் அமெரிக்கத் தரவரிசையில் 18ஆம் இடம் வரை போன பாட்டு இதுதான்.

குறை சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் ஒப்பந்தத்தைச் சொல்லுங்கள். ஆல்பத்தின் மீதிருந்த தன் உரிமை மொத்தத்தையும் 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1987இல் இதே ஆல்பத்தின் ‘மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ’ ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து, பிரிட்டன் தரவரிசையில் 5ஆம் இடத்தைப் பிடித்தது. விற்ற தட்டுகளுக்கான ராயல்டி அவர் கைக்கு வரவில்லை.